நீந்துவோர் தோலைப் பேணும் நெறி

'குளித்தல்' என்னும் சொல்லை உடலைக் கழுவுதல் என்ற பொருளில் இன்று நாம் வழங்கி வருகிறோம். நீரில் மூழ்குதல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். முத்துக்குளித்தல் என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் நிலைபெற்றுள்ளது. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களில் முத்துக்குளித்தலையே தொழிலாகக் கொண்ட மக்கள் வாழ்ந்தனர். தூத்துக்குடிக் கடலில் பெருமளவில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடலிலும் ஆற்றிலும் ஊர்க்கிணற்றிலும் மூழ்கி எழுந்த நம் முன்னோரின் வழிவந்த நாம், நகரம் புகுந்தபின் வாளியும் குவளையுமாகக் குளிக்கலானோம். சொல் நம்மிடம் இருக்கிறது. அது குறித்த பழக்கமோ நம்மை விட்டு மெல்ல நீங்கி வருகிறது.

ஆதம்பாக்கம், வேளச்சேரி, கிண்டி ஆகிய பகுதிகளில் வாழும் மாணாக்கர்க்கு நீச்சல் கற்க வாய்ப்பு இல்லை எனல் ஆகாது. 1995ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபொழுது, வேளச்சேரியில் 50 மீட்டர் நீளமுள்ள பெருங்குளத்துடன் நீச்சல் வளாகம் ஒன்று எழுப்பப்பட்டது. மெரினாவிலும் சேப்பாக்கத்திலும் பொதுக்குளங்கள் உள்ளன. இருந்தும், பிள்ளைகளைக் குளத்திற்கு அனுப்பப் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். மூழ்கிவிடுவரோ என்னும் அச்சம் ஒன்று. அது தக்க ஆசிரியரைக் கண்டால் நீங்கும். தோல் கறுத்துவிடும், சொறி சிரங்கு பற்றும் என்னும் அச்சம் மற்றொன்று. பெண்மக்களைப் பொறுத்தவரை இவ்விரண்டாம் அச்சமே வலிமை மிக்கதாய் நிற்கிறது. இவ்வச்சத்தில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்து, தோலுக்கு ஊறு நேராமல் நீந்தும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோல் என்னும் அரண்

நம் உடலின் மேற்புறத்தை மூடியுள்ள தோல் பல அடுக்குகளால் ஆனது. அவற்றுள் எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது இறந்த உயிரணுக்களாலான மெல்லிய படலம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பிற இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே. இச்சிறு படலத்தைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம். உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றின் இடையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சுண்ணச் சாந்து. இச்சாந்து உள்ளவரை உடலின் ஈரம் வெளியேறாது; வெளியிலுள்ள கிருமி எளிதில் உட்புகாது. இச்சுவரின் மேல் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் சேர்ந்து இலேசான அமிலத் தன்மையுடைய பூச்சு ஒன்றை இட்டு வைத்துள்ளன. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ்ந்து, தீமை செய்வன குடியேறாதபடி தடுக்கின்றன.

நீந்துவோர் தோலைப் பேணுதல் என்பது, சுருங்கச் சொன்னால், இச்சாந்தையும் இப்பூச்சையும் காத்தலேயாகும். பின்வரும் அறிவுரைகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே கிளைப்பன.

குளத்து நீர் செய்வது யாது?

நெடுநேரம் நீரில் இருந்தால் விரல் நுனிகள் சுருங்குவதை யாவரும் கண்டிருப்போம். தோல் ஊறிப்போனதன் விளைவே இது எனப் பலரும் எண்ணுவர். விரலுக்குச் செல்லும் நரம்பு துண்டிக்கப்பட்டவர்க்கு அவ்விரலில் இச்சுருக்கம் தோன்றுவதில்லை என்பதை மருத்துவர் கண்டறிந்துள்ளனர். ஆகவே இது நரம்பு இட்ட கட்டளையால் உள்ளே குருதிக்குழாய்கள் சுருங்குவதன் விளைவு. இதனால் தீங்கு ஏதுமில்லை; சிறிது நேரத்தில் தானே மறையும்.

தீங்கு வருவது வேறு வழியில். நீர் தோலின் மேற்பூச்சைக் கரைக்கிறது. பொதுக்குளங்களில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது இன்றியமையாதது, அஃதின்றேல் பலர் மூழ்கும் குளம் நோய்க்களமாகிவிடும். ஆயினும் கிருமியைத் தாக்கும் அதே குளோரின் தோலின் எண்ணெய்ப் பசையையும் அகற்றுகிறது. நீந்தி வந்தபின் தோல் இழுத்துப் பிடிப்பதும், வெண்ணிறமாகப் பொரிந்து காண்பதும், அரிப்பதும் இதனால்தான்.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் குளோரின் மிகுதி என்றும், குளம் தூய்மையாக உள்ளது என்றும் கருதுவோர் உளர். உண்மை இதற்கு மாறானது. வியர்வை, சிறுநீர், உடலழுக்கு ஆகியவற்றோடு குளோரின் கூடும்பொழுது குளோரமின் என்னும் சேர்மங்கள் பிறக்கின்றன. கண்ணை எரிப்பதும் தோலை உறுத்துவதும் நெடியடிப்பதும் பெரிதும் அவையே. எனவே நெடி மிகுந்த குளம் அழுக்கு மிகுந்த குளம். குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடமேனும் நல்ல நீரில் உடலைக் கழுவிக்கொண்டால் இவ்வழுக்கின் பெரும்பகுதி குளத்தைச் சேராது. இறங்குமுன் குளிப்பது பிறர்க்குச் செய்யும் நன்மை. நமக்கும் அதில் நன்மை உண்டு: முன்னரே நல்ல நீரில் நனைந்த முடி, குளத்து நீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

வெயிலின் வலிமை

சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலுமாக ஆண்டிற்கு இருமுறை கதிரவன் நம் உச்சிக்கு நேர்மேலே வருகிறான். பள்ளி, கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை விட்டு, பிள்ளைகள் குளத்தை நாடும் காலமும் அதுவே. புற ஊதாக் கதிரின் வலிமையைக் குறிக்க உலக நல நிறுவனம் ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. அதில் 11உம் அதற்கு மேலும் மிக உயர்ந்த நிலை. நம் கோடை நண்பகல் அந்நிலையை எட்டுகிறது.

நீரில் இருப்போர்க்கு உடல் குளிர்ந்திருப்பதால் வெயிலின் சூடு தெரிவதில்லை. சூடு தெரியாமையால் கதிர் படவில்லை என்று மயங்கலாகாது. நீர்மட்டத்திற்கு அரை மீட்டர் கீழேயும் மேலிருக்கும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 40 விழுக்காடு எட்டுகிறது. கடற்கரை மணல் 15 விழுக்காட்டையும், அலைநுரை 25 விழுக்காட்டையும் நம்மேல் திருப்பி வீசுகின்றன. மெல்லிய மேகம் கதிரைப் பெரிதும் தடுப்பதில்லை.

இதற்குச் செலவில்லாத காப்பு ஒன்று உண்டு. அது நேரத்தைத் தேர்தல். நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் பொழுதெல்லாம் கதிர் வலிமையாக உள்ளது என்று கொள்ளலாம். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கரை மணிக்குப் பின்னும் நீந்துவோர் இவ்விடரில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றனர்.

வெயிலில் நீந்தியே தீரவேண்டியவர்கள் சன்ஸ்கிரீன் எனப்படும் வெயில் காப்புக் களிம்பைப் பூசிக்கொள்ளலாம். அதன் உறையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் என்றும், நீரில் கரையாதது என்றும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நீரில் கரையாமை என்பதும் 40 அல்லது 80 நிமிட அளவிற்கே. அதன்பின் மீண்டும் பூசுதல் வேண்டும். நீரில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னரே பூசுக. முகத்திற்கும் கழுத்திற்கும் மட்டும் இரண்டு விரல்களின் நீளத்திற்குக் களிம்பு தேவைப்படும். பலரும் பொட்டளவே எடுத்துப் பூசிவிட்டுப் பயனில்லை எனக் குறைகூறுகின்றனர். காது மடல், பிடரி, கால்களின் மேற்புறம் ஆகியவை பெரும்பாலும் மறக்கப்படும் இடங்கள்.

நிறம் பற்றிய அச்சம்

இனி, பெற்றோரின் அச்சத்தை நேரே நோக்குவோம். நீந்துவோர் தோல் கறுப்பது உண்மை. அதற்குக் காரணம் குளத்து நீர் அன்று, வெயிலே. புற ஊதாக் கதிர் தாக்கியதை உணர்ந்த தோல், மெலனின் என்னும் நிறப்பொருளை மிகுதியாக ஆக்கித் தன் உயிரணுக்களுக்குக் குடை பிடிக்கிறது. அக்கருமை, 'வெயில் மிகுந்தது, நிழலுக்குச் செல்' என்று தோல் நமக்கு விடுக்கும் செய்தி. மேல்தோல் புதுப்பிக்கப்படும்பொழுது சில வாரங்களில் அது குறையும். நம் மண்ணின் மக்களுக்கு இயல்பாய் அமைந்த மாநிறமும் கருநிறமும் வெயிலைத் தாங்க இயற்கை அளித்த செல்வம். வெண்ணிறத்தார் மிகுந்த ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் பெருகியதால், சட்டை அணிந்து, களிம்பு பூசி, தொப்பி வைத்துக்கொள்ளுமாறு 1981ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய பரப்புரை செய்ய நேர்ந்தது. மெலனின் அளிக்கும் காப்பின் அருமை இதனால் விளங்கும்.

உண்மையான கேடு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. கறுத்த முகத்தை உடனே வெளுக்கச் செய்யும் எனச் சொல்லி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும், வலிய ஸ்டீராய்டு மருந்தும் கலந்துள்ளன. ஸ்டீராய்டு நாள்தோறும் பூசப்பட்டால் தோல் மெலிகிறது, சிவக்கிறது, பருக்கள் மலிகின்றன, சிறு வெயிலும் பொறுப்பதில்லை. 2018ஆம் ஆண்டு இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. நீச்சலால் வந்த கருமையை நீக்க முயன்று தோலையே இழத்தல் அறிவுடைமை ஆகாது. மகளின் நிறத்திற்கு அஞ்சி அவளுக்கு நீச்சலை மறுக்கும் பெற்றோர், அவள் உயிர்காக்கும் கலையை நிறத்திற்கு விலையாகக் கொடுக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உடையே முதற்காப்பு

களிம்பினும் மேலான காப்பு உடை. நெருக்கமாக நெய்யப்பட்ட நீச்சலுடை, மூடிய பகுதி முழுவதையும் நேரம் பாராது காக்கிறது. மீண்டும் பூச வேண்டுவதில்லை. இத்துணிகளில் யு.பி.எஃப். 50 எனக் குறித்திருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கே அதன் வழியே உட்புகும் என்பது பொருள். நாம் வழக்கமாக அணியும் மெல்லிய பருத்திச் சட்டை நனைந்தால் அதன் காப்பு குறைந்துவிடுகிறது. நீரை உறிஞ்சிக் கனத்து நீந்துவோரைக் கீழே இழுக்கவும் செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் வாழும் அஹெடா ஸனெட்டி என்னும் பெண்மணி, உடல் முழுவதும் மறைத்து நீந்த விரும்பும் முஸ்லிம் பெண்களுக்காக 2004ஆம் ஆண்டு வடிவமைத்த உடை புர்கினி என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. நாணம் கருதி ஆக்கப்பட்ட அவ்வுடையை வெயிலுக்கு அஞ்சும் பிற சமயத்தாரும் விரும்பி அணிகின்றனர். ஆகவே உடலை மறைத்து நீந்த விழையும் நம் மாணவியர் தோல் நலத்தை நோக்கின் ஒரு படி முன்னிற்கின்றனர் எனலாம். குளத்து விதிக்கு உட்பட்ட நீச்சல் துணியால் ஆனதாகவும், உடலோடு பொருந்தியதாகவும் உடை இருத்தல் வேண்டும் என்பதே இங்கு நினைவிற்கொள்ள வேண்டுவது. மகளிர்க்கெனத் தனி நேரம் ஒதுக்கும் குளங்களும் உள்ளன.

தொற்றுவன, தொற்றாதன

நன்கு பேணப்படும் குளத்தில் நீரைவிட நீருக்கு வெளியேதான் தொற்று மிகுதி. உடைமாற்றும் அறையின் ஈரத்தரை, பிறர் துவட்டிய துண்டு, மாற்றி அணிந்த உடை ஆகியவற்றின் வழியே படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் பரவுகின்றன. இவை பூஞ்சையால் வருவன. பூஞ்சைக்கு ஈரம் உயிர். ஆதலின் தரையில் செருப்பணிந்து நடத்தல், தன் துண்டைத் தானே பயன்படுத்தல், கால் விரலிடுக்குகளையும் அக்குளையும் தொடையிடுக்கையும் நன்கு துவட்டுதல், ஈர உடையை உடனே களைதல் ஆகியன போதும். படர்தாமரைக்குக் கடைகளில் தாமே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் மேலே கூறிய ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது முதலில் அரிப்பைத் தணித்துப் பின்னர் நோயை வேரூன்றச் செய்யும். மருத்துவரிடம் காட்டுதலே முறை. அது ஆறும்வரை குளத்தில் இறங்காதிருத்தல் பிறர்க்குச் செய்யும் கடமை. சீழ்வடியும் புண் உடையோர்க்கும் இது பொருந்தும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. வெண்புள்ளி உடையோரையும், காளாஞ்சகப்படை, கரப்பான் உடையோரையும் கண்டு அருவருத்துக் குளத்தைவிட்டு விலக்குவது அறியாமை. இவை ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவன அல்ல. 'வெண்குஷ்டம்' என்னும் பிழையான பெயரை விலக்கி 'வெண்புள்ளி' என்று வழங்குமாறு தமிழ்நாடு அரசு ஆணையிட்டதும் இவ்வறியாமையைப் போக்கவே. தமிழ் பயில்வோர்க்கு ஒரு சொல்லின் ஆற்றலை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று வேண்டுவதில்லை. வெண்புள்ளி உள்ள இடங்களில் மெலனின் இல்லாமையால் அவை விரைவில் வெந்துபோகும். அவர்கள் களிம்பும் உடையும் தவறாது கொள்ளுதல் நலம். கரப்பான் உடையோர் இறங்குமுன்னும் கரையேறிக் குளித்தபின்னும் தோலுக்கு ஈரப்பதம் காக்கும் களிம்பு இட்டுக்கொள்ள வேண்டும்.

கடலில் நீந்தியோர் காட்டிய வழி

தோலைக் காத்து நீந்தும் கலையில் நமக்கு ஆசான்கள் நெடுந்தொலைவு நீந்திய வீரர்களே. 1954ஆம் ஆண்டு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அதனை ஒரே முயற்சியில் இருவழியும் நீந்தினார். சென்னைச் சிறுவர் குற்றாலீசுவரன் 1994இல் தம் பன்னிரண்டாம் அகவையில் அந்நீரிணையைக் கடந்து, அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தினார். இத்தகையோர் பல மணி நேரம் உப்பு நீரில் கையை வீசுகையில், அக்குள், கழுத்து, தொடை ஆகிய இடங்களில் தோலோடு தோல் உராய்ந்து புண்ணாகும். உப்பு அப்புண்ணை மேலும் எரிக்கும். ஆதலால் நெடுந்தொலைவு நீந்துவோர் வாசலின் போன்ற பசையையும் கம்பளிக் கொழுப்பையும் அவ்விடங்களில் பூசிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திய மாத்யூ வெப் கடற்பன்றியின் நெய்யைப் பூசிக்கொண்டார் என்பர். குளத்தில் நீந்தும் மாணாக்கரும் உடையின் விளிம்பு உராயும் இடங்களில் சிறிது வாசலின் தடவலாம். உடல் முழுதும் எண்ணெய் பூசி இறங்குவது குளத்து நீரைக் கெடுக்கும், அதனைத் தவிர்க்க.

கடலில் சொறி எனப்படும் ஜெல்லி மீன் தீண்டினால் தேய்த்தலோ நல்ல நீரால் கழுவுதலோ கூடாது. அவை மேலும் நஞ்சைக் கக்கச் செய்யும். கடல்நீராலேயே கழுவி, ஒட்டியுள்ள இழைகளைக் கையால் தொடாது அகற்றி, மருத்துவரை அடைதல் வேண்டும். நீரோட்டம் மிகுந்த சென்னைக் கடற்கரை நீச்சல் பழகுவதற்கு உரிய இடம் அன்று என்பதையும் இங்கு வலியுறுத்துகிறோம்.

ஏரி நீரும் வெள்ள நீரும்

ஆதம்பாக்கமும் வேளச்சேரியும் ஏரிகள் சூழ்ந்த ஊர்கள். கழிவுநீர் கலந்த ஏரியில் இன்று நீந்துதல் தகாது. ஊர்ப்புறத்தில் மாடு குளிப்பாட்டும் குட்டைகளிலும் நத்தைகளின் உடலிலிருந்து வெளிப்படும் நுண்புழுக்கள் மனிதத் தோலில் புகுந்து கடும் அரிப்பை உண்டாக்குவது உண்டு.

நாம் ஏரிக்குச் செல்லாவிடினும் ஏரி நம்மிடம் வரும் நாள்களை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் கண்டோம். தெருவெல்லாம் நீராகி, மக்கள் இடுப்பளவு வெள்ளத்தில் நடந்தனர். எலிகளின் சிறுநீர் கலந்த அந்நீரில் எலிக்காய்ச்சலை விளைக்கும் கிருமி இருக்கக்கூடும். அது தோலின் வெடிப்பு, கீறல், ஊறி மென்மையான இடம் ஆகியவற்றின் வழியே உட்புகும். தோல் என்னும் அரணின் அருமை அந்நாளில்தான் முழுதும் விளங்கும். காயத்தை நீர்புகாது கட்டுதல், இயன்றால் முழங்கால்வரை ரப்பர்க் காலணி அணிதல், வீடு சேர்ந்ததும் சோப்பிட்டுக் கழுவித் துவட்டுதல் ஆகியவை அன்று உயிர்க்காப்பு. நீரிழிவு உள்ள பெரியோர் காலில் உணர்ச்சி குறைந்திருக்குமாதலால், நாள்தோறும் பாதத்தைப் பிறரைக் கொண்டேனும் பார்த்தல் வேண்டும். சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறவாது சொல்லுக.

முன்னும் பின்னும்

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். இறங்குமுன்: நிழல் நீண்ட நேரத்தைத் தேர்க, உடலைக் கழுவுக, உடலை மூடும் நீச்சலுடையும் தலையுறையும் அணிக, திறந்த இடங்களில் களிம்பு இடுக, ஆறாத புண் இருப்பின் இறங்காதிருக்க. நீந்துங்கால்: இடையிடையே நிழலில் தங்கி நல்ல நீர் பருகுக, காப்பின் நேரம் முடிந்ததும் மீண்டும் பூசுக. கரையேறியபின்: உடனே நல்ல நீரில் குளிக்க, வெந்நீரும் காரம் மிகுந்த சோப்பும் எஞ்சிய எண்ணெய்ப் பசையையும் போக்கும் ஆதலின் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், அழுந்தத் தேய்க்காது ஒற்றித் துவட்டுக, தோல் ஈரமாய் இருக்கும்பொழுதே தேங்காய் எண்ணெயோ ஈரப்பதம் காக்கும் களிம்போ தடவுக. இவற்றுள் எதுவும் ஏழை வீட்டிற்கும் எட்டாதது அன்று. பெரும்பாலானவற்றிற்கு வேண்டுவது நீரும் துண்டும் சிறிது ஒழுங்குமே.

உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர் என உலக நல நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பள்ளிச் சிறார்க்கு நீச்சல் கற்பித்தல் அதனைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. வெள்ளம் மீண்டும் வராது என உறுதி கூறவல்லார் எவரும் இலர். தோலில் ஏறிய கருமை சில வாரங்களில் குறையும். கற்ற நீச்சல் வாழ்நாள் முழுதும் துணை நிற்கும். ஆகவே பெரியோர்களே, உங்கள் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் குளத்திற்கு அனுப்புங்கள்; அனுப்புகையில் ஒரு துண்டையும், ஒரு சிமிழ் தேங்காய் எண்ணெயையும் உடன் கொடுத்து அனுப்புங்கள் என வேண்டி அமைகிறோம்.